எந்த நாற்காலி நல்ல நாற்காலி?

சுங்கை பாக்காப்பில் இருந்து பத்து காவான் விளையாட்டரங்கத்துக்குக் காரில் கால் மணி நேரம்தான். 2000ஆம் ஆண்டு பினாங்கில் சுக்மா போட்டிகள் நடந்தபோது திறக்கப்பட்ட அரங்கம் அது; 40,000 பேர் உட்காரலாம். அத்தனை இருக்கைகளில் என் அப்பாவின் கண் எப்போதும் ஒன்றின் மேல்தான் இருக்கும். திடலின் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்துப் போட்டிருக்கும் பயிற்றுநரின் நாற்காலி. கோல் விழுந்தால் எல்லாரும் கோல் கம்பத்தைப் பார்ப்பார்கள். அப்பா அந்த நாற்காலியைப் பார்ப்பார். “பாரும்மா, அந்த மனுசன் இன்னிக்கும் உக்காரவே இல்ல” என்பார்.

அப்பா செம்பனை ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். 1974இல் பினாங்கு அணி பேராக்கை 2–1 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவருக்குப் பதினான்கு வயது. தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு வானொலிப் பெட்டி, அதைச் சுற்றி முப்பது பேர். இசா பக்கார், சுக்கோர் சாலே என்ற பெயர்களை அவர் இன்றும் சொந்தக்காரர் பெயரைப் போலத்தான் சொல்லுவார். நான் ஊடகப் படிப்பை எடுத்ததற்கும் வானொலியில் வேலைக்குச் சேர்ந்ததற்கும் அந்தக் கதை ஒரு காரணம். என் அண்ணன் பயிற்றுநர் ஆனதற்கு அது முழுக் காரணம்.

அண்ணனுக்கு வயது 38. பத்து காவான் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தொழில்நுட்பர். வேலை இல்லாத மாலைகளில் எங்கள் வட்டாரத்துப் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் காற்பந்து பழக்குவார். விடுமுறையைச் சேர்த்து வைத்து, கையில் இருந்த பணத்தைக் கட்டி, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ‘சி’ உரிமம், அப்புறம் ‘பி’ உரிமம் என்று வாங்கியவர். போன ஆண்டு ஒரே மாதத்தில் அவருக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, வேறு மாநிலத்தில் உள்ள ஒரு லீக் அணியில் இருபது வயதுக்குட்பட்டோருக்குத் துணைப் பயிற்றுநர் வேலை. மாதம் 4,500 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம். இன்னொன்று, தீவுப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டுப் பயிற்றுநர். 3,200 வெள்ளி, மூன்றாண்டு ஒப்பந்தம். அங்கே அணி என்று ஒன்றே கிடையாது. புதிதாக உருவாக்க வேண்டும். தொழிற்சாலையில் ஓவர்டைம் சேர்த்து அவர் வாங்கியது ஏறக்குறைய 3,400.

கேட்டவுடன் அப்பா “லீக் டீம்” என்றார். அம்மா “பள்ளிக்கூடம்” என்றார். அண்ணி ஒன்றும் சொல்லாமல் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு எழுதியிருந்த நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். நான் வானொலிக்காரி, பேட்டி எடுத்துப் பழகியவள். “அண்ணே, முடிவு அப்புறம். நம்ம நாட்டுல இந்த நாற்காலியில உக்காந்தவங்க கதையை முதல்ல வரிசையா போட்டுப் பாப்போம்” என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலை மாறலாமா என்று யோசிக்கும் யாருக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் நாட்டிலேயே பெரிய நாற்காலி: ஹரிமாவ் மலாயா, தேசிய அணி. அதில் அடுத்தடுத்து இரண்டு தமிழர்கள் உட்கார்ந்தார்கள் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 2007 ஆசியக் கிண்ணப் போட்டியை நாம்தான் இணைந்து ஏற்று நடத்தினோம். சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2. அந்தச் சாம்பலில்தான் பி. சத்தியநாதனிடம் அணி கொடுக்கப்பட்டது. 2009 தொடக்கத்தில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–5 என்று தோற்றதும் அவருடைய பதவி போனது.

அடுத்து வந்தவர் கே. ராஜகோபால். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இளைஞர் அணி வியட்நாமை 1–0 என்று வென்று தங்கம் வாங்கியது. 1989க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. 2010 டிசம்பர் 1ஆம் தேதி, சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1–5 என்று தோல்வி. சத்தியநாதனின் கதையை முடித்த அதே ஐந்து கோல்கள். ஆனால் போட்டியின் நடுவில் யாரும் பயிற்றுநரை மாற்ற முடியாதே! ராஜகோபாலுக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. தாய்லாந்தோடு சமநிலை, லாவோஸ் மேல் 5–1, அரையிறுதியில் வியட்நாம் மேல் வெற்றி. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியா மீது 3–0. டிசம்பர் 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4–2. மலேசியா முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. டிசம்பர் 31 பொது விடுமுறை ஆனது. ஐந்து கோல் வாங்கிய நாளுக்கும் கிண்ணம் வாங்கிய நாளுக்கும் நடுவே 28 நாள்.

அண்ணன் இந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். “ராஜகோபால் சாருக்கு 28 நாள் மட்டும் இல்ல தங்கச்சி. அந்தப் பையன்கள்ல நிறைய பேர் முந்தின வருசம் தங்கம் வாங்கினவங்க. குணாளன், சாபிக் ரஹிம் எல்லாம் அவர் கையில ஏற்கெனவே பழகினவங்க. அவருக்கு நேரமும் கிடைச்சது, தனக்குத் தெரிஞ்ச ஆளுங்களும் கிடைச்சாங்க” என்றார். நோட்டில் முதல் வரியாக எழுதினேன்: நேரம் எவ்வளவு, ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்?

தேசிய அணியின் நாற்காலிக்குக் கவர்ச்சி அதிகம். கொடி, கீதம், புக்கிட் ஜாலிலின் கூட்டம். ஆனால் அங்கே பயிற்றுநர் ஆட்டக்காரரை வாங்க முடியாது. கிளப்புகள் வளர்த்துக் கொடுத்தவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே அவர்கள் கைக்கு வருவார்கள். தோற்றால் மட்டும் முழு நாடும் அவரைப் பார்க்கும். 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–10 என்று தோற்றதும் டோல்லா சாலே விலகினார். தான் செங் ஹோ 2018இல் சுசுகி கிண்ண இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார்; 2022 தொடக்கத்தில் அவரும் வெளியேறினார். தென்கொரியாவின் கிம் பான் கோன் நம்மை 1980க்குப் பிறகு முதல் தடவையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்துக்கு அழைத்துப் போனார். தம் சொந்த நாட்டு அணியோடு 3–3 என்று சமன் செய்து காட்டினார். அதே 2024இன் நடுவில் வேலையை விட்டுத் தென்கொரியாவின் உல்சான் அணிக்குப் போய்விட்டார். தேசிய அணியை விட்டு ஒரு கிளப்புக்கா என்று பலர் கேட்டார்கள். தினமும் காலையில் அதே இருபத்தைந்து பேரைத் திடலில் பார்ப்பதுதான் ஒரு பயிற்றுநருக்குப் பெரிய சுகம் என்பார் அண்ணன்.

அப்படியானால் கிளப்புகளைப் பார்ப்போம். நாட்டிலேயே வசதியான நாற்காலி ஜொகூர் டாருல் தாக்சிம் அணியுடையது. 2014இல் தொடங்கி 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் பட்டம். 2015இல் ஏஎப்சி கிண்ணத்தை வென்ற முதல் மலேசிய அணி. 2020இல் திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கம், அரச குடும்பத்தின் ஆதரவு, நல்ல பயிற்சித் திடல்கள், தேதி தவறாத சம்பளம். எந்தப் பயிற்றுநருக்கும் வாய் ஊறும்.

ஆனால் அந்தப் பதினோரு பட்டங்களும் ஒரே பயிற்றுநருடையவை இல்லை. குரோஷியாவின் போயான் ஹொடாக், அர்ஜெண்டினாவின் மரியோ கோமெஸ், மெக்சிகோவின் பெஞ்சமின் மோரா என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லீக் பட்டம் அங்கே சாதனையாகவே எண்ணப்படாது. அது குறைந்தபட்சக் கடமை. ஹொடாக் 2014இல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2015 பருவத்தின் நடுவில் அவர் அங்கே இல்லை. ஆறு ஆண்டு கழித்து, 2021 மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில், அவர் பழக்கிய கோலாலம்பூர் அணி அதே ஜொகூரை 2–0 என்று வீழ்த்தியது. அப்பா அன்றிரவு போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பினாங்கு வென்றதைப் போலக் கொண்டாடினார்.

அடுத்து சிலாங்கூர். பெயர் என்று பார்த்தால் நாட்டிலேயே பெரிய பெயர். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணி. கே. தேவன் பயிற்றுநராக இருந்த 2009, 2010 ஆண்டுகளில் தொடர்ந்து இரண்டு முறை சூப்பர் லீக் பட்டம் வென்றது. அதற்குப் பிறகு லீக் பட்டம் வரவில்லை; மலேசியக் கிண்ணமும் 2015க்குப் பிறகு வரவில்லை. இங்கே நாற்காலியின் எடை அலமாரியில் இருக்கும் கிண்ணங்களின் எடைதான். ரசிகர்களுக்கு இந்த ஆண்டு அணியின் பலம் முக்கியமில்லை. அவர்கள் மனதில் ஓடுவது தாத்தா காலத்து சிலாங்கூர். சத்தியநாதனும் அங்கே உட்கார்ந்தார். 2019இல் அணி லீக்கில் மூன்றாவது இடம் பிடித்தது. 2020 பருவம் முடிவதற்குள் அவர் மாற்றப்பட்டார்.

சத்தியநாதனின் பாதையைத் தனியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். 2009இல் தேசிய அணியில் இருந்து போகச் சொன்னார்கள். 2010இல் கிளந்தான் அணி அவர் கையில் வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 2012இல் ஆயுதப் படை அணியை பிரீமியர் லீக் பட்டத்துக்குக் கொண்டு போனார். அதே ஆண்டு மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம் வரை போய் கிளந்தானிடம் 2–3 என்றுதான் தோற்றார்கள். ஒரே மனிதர்தான். ஓரிடத்தில் தோல்விக்காரர், அடுத்த ஆண்டு இன்னோரிடத்தில் ஊரே தூக்கிக் கொண்டாடும் நாயகர். திறமை அதற்குள் புதிதாக முளைத்திருக்குமா? “உக்கார்ற இடம் மாறிச்சு, அவ்வளவுதான்” என்றார் அண்ணி. அதுவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கிளந்தானையே பாருங்கள். 2010, 2012இல் மலேசியக் கிண்ணம், 2011, 2012இல் லீக் பட்டம். கோத்தா பாரு அரங்கத்தில் இடம் கிடைக்காமல் மரத்தில் ஏறிப் பார்த்த காலம் என்று அப்பா சொல்லுவார். நாட்டில் எந்தப் பயிற்றுநரைக் கேட்டாலும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்க ஆசை என்றிருப்பார். பத்தே ஆண்டில் கடன், சம்பளப் பாக்கி என்று அணி சரிந்து கடைசியில் சூப்பர் லீக்கிலேயே இல்லாமல் போனது. 2025–26 பருவம் தொடங்குமுன் பேராக், ஸ்ரீ பகாங் இரண்டும் லீக்கில் இருந்து விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. நூறாண்டுப் பாரம்பரியம் பேசும் மாநிலங்கள் இவை.

நம் சமூகத்தின் சொந்த அணிக்கும் அப்படி ஒரு கதை உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தில் இருந்து வளர்ந்து, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறிய அணி. பி. மணியம் அங்கே பயிற்றுநராக இருந்தார். 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து, பெரிய அணிகளோடு மோதினார்கள். பணம் குறைவு, கூட்டம் குறைவு. ஆனால் யாரை ஆட வைப்பது என்பது பயிற்றுநர் கையில் இருந்தது. எனக்கு அந்த அணியின் ஆட்டத்தைப் பற்றி வானொலியில் பேசும் நாள்களில் ஒரு தனி உற்சாகம் இருக்கும். அந்தப் பருவத்தோடு அணி லீக்கில் இருந்து விலகியது. நல்ல நாற்காலிதான், அதைத் தாங்கும் தரை இல்லை.

நம் பினாங்கு? 1982, 1998, 2001 என்று மூன்று லீக் பட்டங்கள், மலேசியக் கிண்ணம் நான்கு முறை. 2020இல் மன்சூர் அஸ்விரா பிரீமியர் லீக் பட்டத்தை வாங்கி அணியை மேலே ஏற்றினார். மறு ஆண்டு அந்த நாற்காலியில் செக் நாட்டின் தொமாஸ் துருச்சா. அணி ஜொகூர், கெடாவுக்கு அடுத்து மூன்றாவது இடம் பிடித்தது. அப்பா அந்த ஆண்டு முழுக்கப் புன்னகையோடு இருந்தார். அடுத்த ஆண்டே பட்டியலின் அடிப்பகுதி. பருவம் முடியும்வரை துருச்சாவும் இல்லை. பினாங்கின் நாற்காலிக்கு ஒரு நன்மை உண்டு: ரசிகர்கள் பொறுமைசாலிகள், எதிர்பார்ப்பு அளவானது. மூன்றாவது இடத்துக்கே ஊர் கொண்டாடும். கெடுதலும் அதேதான். பெரிய ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கும் பணம் இல்லாததால், ஓராண்டு நன்றாக ஆடினால் அடுத்த ஆண்டு பாதி அணியைப் பக்கத்து மாநிலம் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இந்த இடத்தில் அண்ணனுக்கு அமெரிக்கக் கதை ஒன்று சொன்னேன். அங்கே பல்கலைக்கழகங்களே காற்பந்து அணிகள் வைத்திருக்கின்றன. அவர்களுடைய காற்பந்து கையால் தூக்கி ஓடும், முட்டை வடிவப் பந்து. பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குவோரிலேயே அதிகம் வாங்குபவர் அந்தப் பயிற்றுநர்தான். எந்தப் பல்கலைக்கழகத்தின் நாற்காலி மேல் என்று ஆண்டுதோறும் அங்கே பட்டிமன்றமே நடக்கும்: அலபாமாவா, டெக்ஸாஸா, புளோரிடாவா என்று. 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ பிஷர் என்ற பயிற்றுநரை நீக்கியது. ஒப்பந்தத்தில் இருந்த எழுத்துப்படி, நீக்கியதற்காக அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

அண்ணன் சிரித்துவிட்டார். “நம்ம ஊர்ல வேலை செஞ்ச மாசத்துக்கே சம்பளம் கேட்டு வழக்குக்குப் போகணும்” என்றார். மலேசிய லீக்கில் சம்பளப் பாக்கிக்காகப் புள்ளிகள் கழிக்கப்பட்ட அணிகள் உண்டு. ஆட்டக்காரர்களின் பாக்கியைப் பற்றியாவது செய்தித்தாளில் வரும். துணைப் பயிற்றுநர், உடல்தகுதிப் பயிற்றுநர், சீருடை துவைப்பவர் ஆகியோரின் பாக்கி பெரும்பாலும் வெளியே தெரியாது.

அப்போதுதான் அம்மா கேட்டார். “எல்லாம் சரி. அந்த லீக் டீம்ல மாசா மாசம் சம்பளம் வருமா, வராதா?”

ஒரு மணி நேரம் பேசிய எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போய், அந்த அணியில் முன்பு அதே வேலையில் இருந்தவரின் எண்ணை நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கூப்பிட்டார். இருபது நிமிடம் கழித்து உள்ளே வந்தார். அந்த மனிதர் எந்தக் கோபமும் இல்லாமல், மிக நிதானமாகச் சொன்னாராம்: “பையன்க தங்கம், தம்பி. திடல் அருமை. எனக்குக் கடைசி மூணு மாசம் வரல. சேமநிதியும் கட்டல. நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அதை மட்டும் எழுத்துல கேளுங்க.”

அண்ணன் கேட்டார். சம்பளம் எந்தத் தேதியில் வரும், ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுமா, ஒப்பந்தம் முடியுமுன் நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம் கிடைக்கும். மூன்றே கேள்வி. அணி நிர்வாகத்தில் இருந்து பதில் வந்தது: “முதலில் வந்து சேருங்கள், அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

பள்ளிக்கும் அதே மூன்று கேள்விகளை அனுப்பினார். அங்கே இருந்து வந்த கடிதத்தில் மூன்றுக்கும் பதில் இருந்தது. கூடவே அவர் கேட்காத ஒன்றும் இருந்தது: அணிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது முழுக்கப் பயிற்றுநரின் பொறுப்பு, பெற்றோர் தலையிட முடியாது.

அப்படியும் முடிவு எளிதாக வரவில்லை. ‘பி’ உரிமம் வாங்கியவருக்கு லீக் அணி என்பது கதவு. ஒரு தடவை மூடினால் மறுபடி யார் தட்டுவார்கள்? நாற்பதை நெருங்கும் வயது. “ஒரு வருசம் பல்லைக் கடிச்சிக்கிட்டா பேர் கிடைக்கும்” என்று அப்பா சொன்னதிலும் உண்மை இருந்தது. துணைப் பயிற்றுநராக, சின்ன அணிகளில், பாக்கிச் சம்பளத்தோடு தொடங்கித்தான் நம் நாட்டில் பலர் மேலே வந்திருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தனியாளாக இருந்திருந்தால் அண்ணன் அதைத்தான் எடுத்திருப்பார். எடுத்திருக்கவும் வேண்டும்.

மூன்று இரவு தூங்காமல் யோசித்துவிட்டு, அவர் பள்ளிக்குக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மகன் ஒரு நாள் பத்து காவான் அரங்கத்தின் திடல் ஓரத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூன்றாம் நாள் காலையில், “அந்தப் பள்ளிக்கூடத்துத் திடல்ல புல் எப்படி?” என்று மட்டும் கேட்டார். அவருடைய சம்மதம் அப்படித்தான் வரும்.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் காற்பந்துப் பயிற்றுநர்கள் இல்லை. வங்கியில், மருத்துவமனையில், கணினி நிறுவனத்தில், என்னைப் போல ஒலிபரப்பில் வேலை செய்பவர்கள். ஆனால் உங்கள் முன்னாலும் இரண்டு நாற்காலி வந்து நின்றிருக்கும். அல்லது நாளை வரும். பெயர்ப் பலகை, கட்டடம், அடுத்தவர் கண்ணில் தெரியும் மதிப்பு இவற்றை நாம் கேட்காமலேயே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எங்கள் நோட்டில் கடைசியில் நின்ற கேள்விகள் வேறு. எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்தவர் யார், அவர் எப்படிப் போனார்? கூட வேலை செய்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சொல் உண்டா? தோற்றால் எத்தனை ஆட்டம் பொறுப்பார்கள்? மாதச் சம்பளம் எந்தத் தேதியில், எந்த எழுத்தில்? முதல் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு தூரத்தில்தான் இருப்பார். கூப்பிடத்தான் நாம் கூச்சப்படுகிறோம்.

நானும் அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் இருந்து எனக்கு ஓர் அழைப்பு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வந்தால் முதலில் கூப்பிட வேண்டிய ஆள் யார் என்று தெரியும்.

அண்ணனின் புதிய அணிக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு முதல் நட்புமுறை ஆட்டம் நடந்தது. பதினைந்து பையன்கள், அவர்களில் ஆறு பேர் அதற்கு முன் பூட்ஸ் போட்டதே இல்லை. அப்பா குடையோடு போய் ஓரத்தில் நின்றார். நானும் போயிருந்தேன். 0–6 என்று தோற்றார்கள். ஆறாவது கோல் எங்கள் பையன் ஒருவன் தவறிப்போய்ச் சொந்த வலைக்குள்ளேயே அடித்தது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் எங்கள் பக்கம் வந்து, “அஞ்சு வாங்கினதுக்கே தேசிய அணியில வேலை போச்சு. நான் ஆறு வாங்கியிருக்கேன்” என்று மெல்லச் சிரித்தார். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் கண் வேறு பக்கம் இருந்தது. பள்ளியின் முதல்வர் அம்மா திடலைக் குறுக்கே கடந்து எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

வந்தவர் கேட்டது இதுதான்: “சார், செவ்வாய்க்கிழமை பயிற்சி நாலு மணிக்கா, நாலரைக்கா? பஸ்காரர்கிட்ட சொல்லணும்.”

“நாலு மணி” என்று அண்ணனுக்கு முன்னால் அப்பா பதில் சொன்னார்.